கொதித்த தண்ணீரும் கழன்ற போல்ட்டும்

1952-ஆம் ஆண்டு மே மாத முதல் வாரத்தில் இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு தந்தி போயிற்று. கொடுத்தவர் ஸ்டிர்லிங் மாஸ் என்ற இருபத்திரண்டு வயது வாலிபர். பெற்றுக்கொண்டவர் காவென்ட்ரி நகரத்தில் ஜாகுவார் மோட்டார்த் தொழிற்சாலையின் அதிபராக இருந்த வில்லியம் லயன்ஸ். லெ மான் பந்தயத்துக்கு இன்னும் வேகம் வேண்டும், கட்டாயம் வேண்டும் என்பதுதான் தந்தியின் சாரம். ஐந்தாறு வார்த்தைகளுக்குள் அடங்கிய அந்தத் தந்தி மூன்று கார்களைப் பலி வாங்கியது. மோட்டார்ப் பந்தய சரித்திரம் அறிந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கையைப் பிசைகிறார்கள்.

தந்தி கொடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த வாரம் இத்தாலியில் 'மில்லே மிலியா' என்ற ஆயிரம் மைல் பந்தயம் நடந்தது. பிரெஷியாவில் புறப்பட்டு ரோமாபுரி வரை போய்த் திரும்ப வேண்டும். சாதாரணப் பொதுச் சாலைதான் பந்தயப் பாதை. மாஸ் ஓட்டியது ஜாகுவாரின் 'ஸி' ரகப் பந்தயக் கார். பக்கத்து ஆசனத்தில் நார்மன் டூயிஸ் என்பவர் உட்கார்ந்திருந்தார். அவர் தொழிற்சாலையின் பரிசோதனை டிரைவர். அந்த வருஷம் ஜனவரியில்தான் வேலையில் சேர்ந்தவர். நேரான சாலையில் பறந்துகொண்டிருந்த அந்த இருவரையும் வெள்ளி நிறமான ஒரு ஜெர்மன் கார் கடந்து போயிற்று. மெர்ஸிடஸ் கம்பெனி யுத்தத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பந்தயத்துக்கென்று கட்டிய 300 எஸ்.எல். அது. மாஸின் வண்டி ஸ்டியரிங் பழுதாகி வழியிலேயே நின்றுவிட்டது. ஜெர்மன் கார் இரண்டாவதாக வந்தது. ஆறு வாரம் கழித்து பிரான்ஸில் இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் இதே ஜெர்மானியர்களை எதிர்த்து நிற்க வேண்டும். ஒரு வாலிபன் தந்தி ஆபீசுக்கு ஓட இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

ஆனால் தந்தியைப் படித்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். முந்திய வருஷம், 1951-ல், லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது இதே ஸி ரகக் கார்தான். மூன்று கார்களை அனுப்பினார்கள். ஒன்று முதலாவதாக வந்தது. மற்ற இரண்டும் எண்ணெய் அழுத்தம் விழுந்து பாதியில் நின்றன. அந்தத் தோல்வியை அவர்கள் ஆராய்ந்த விதம் போற்றத் தக்கது. எண்ணெய் அழுத்தம் போய்விட்டால் பேரிங்குகள் தேய்ந்து கருகும், கனெக்டிங் ராடு எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பார்க்கிறவனுக்கு, 'எஞ்சினே சரியில்லை' என்றுதான் தோன்றும். அவர்கள் அப்படி நினைத்துவிடவில்லை. பிரித்துப் பார்த்தபோது, எஞ்சினின் அடித்தொட்டிக்குள்ளே எண்ணெய் கொண்டுபோகும் ஒரு செம்புக் குழாய் அதிர்வு தாங்காமல் விட்டுப் போயிருந்தது. எஞ்சினைக் கொன்றது ஒரு சாண் செம்புக் குழாய்! அதன் இடத்தில் எஃகுக் குழாய் வைத்தார்கள். வேறு எதையும் தொடவில்லை.

அதே மனிதர்கள்தான் அடுத்த வருஷம் தந்தியைக் கண்டு கலங்கிப் போனார்கள்.

அந்த எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். யுத்த காலத்தில் குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்காக ராத்திரி முறைக்காவல் இருந்தபோது லயன்ஸும், தலைமை எஞ்சினீயர் வில்லியம் ஹெய்ன்ஸும், இன்னும் இருவரும் தொழிற்சாலையில் உட்கார்ந்து பேசித் தீர்மானித்த யந்திரம் அது. ஆறு சிலிண்டர், 3,442 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, தலைக்கு மேல் இரட்டைக் கேம் ஷாஃப்ட். 1948-ல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது; பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஏதாவது ஓர் உருவத்தில் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தது. கீழ்ப்பாகம் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். அளவான சூட்டில் இரண்டும் சமாதானமாகக் குடும்பம் நடத்தும். சூடு மிஞ்சினால் முதலில் அடிபடுவது நடுவில் இருக்கும் காஸ்கெட்தான்.

தந்தி கிடைத்ததும் காரின் உடலை மாற்றுவது என்று முடிவாயிற்று. மால்கம் ஸேயர் என்ற நிபுணர், விமானக் கலையிலிருந்து மோட்டாருக்கு வந்தவர், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி நீண்ட மூக்கும் நீண்ட வாலுமாகப் புது உடல் வரைந்தார். மூக்குத் தாழ்ந்துவிட்டது, ஆகவே பழைய ரேடியேட்டர் உள்ளே நிற்க இடமில்லை. சிறிய ரேடியேட்டர் வைத்தார்கள். ரேடியேட்டரின் தலைமேல் இருக்க வேண்டிய தண்ணீர்த் தொட்டியைத் தனியே பிரித்து, டிரைவருக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவர் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டையும் இணைக்க நீளமான குழாய் வேண்டியிருந்தது. அது முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல், ஏழு அரைக்கால் அங்குல விட்டம். ஆறு வாரம்! ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுப் பத்திரிகை அடித்து முடிக்கவே ஆறு வாரம் போதாது.

லெ மான் மைதானத்தில் பயிற்சி ஓட்டத்தின்போதே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது.

கார் கொதித்தால் எல்லாருடைய கையும் எங்கே போகும்? ரேடியேட்டருக்கு. ஜாகுவார் கோஷ்டியின் கையும் அங்கேதான் போயிற்று. இரண்டு வண்டிகளில் அவசரம் அவசரமாகப் பெரிய ரேடியேட்டரைத் திணித்தார்கள். பானெட் மூடவில்லை, தகட்டைத் தட்டி மேலே ஒரு புடைப்பு ஏற்படுத்தினார்கள். காற்றுக்காக இழைத்து இழைத்துச் செய்த அழகான மூக்கின்மேல் ஒரு கொப்புளம். மூன்றாவது வண்டிக்கு அதற்கும் நேரமில்லை.

ஜூன் 14-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பந்தயம் தொடங்கியது. லெ மான் பந்தயத்தில் ஒரு கடுமையான விதி உண்டு: குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுற்றுகள் ஓடி முடிக்கும் வரை எஞ்சினுக்குத் தண்ணீரோ எண்ணெயோ சேர்க்கக் கூடாது, மூடிகளுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். நம் ஊர் பஸ் டிரைவர் மாதிரி குளத்தங்கரையில் நிறுத்தி வாளியில் மொண்டு ஊற்றிவிட்டுப் போக முடியாது. மாஸ்-வாக்கர், வைட்ஹெட்-ஸ்டூவர்ட், ரோல்ட்-ஹாமில்டன் என்று இரண்டிரண்டு பேராக ஓட்டிய மூன்று ஜாகுவார்களும் இருட்டுவதற்கு முன்பே படுத்துவிட்டன. முந்திய வருஷத்து வெற்றி வீரர்கள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருபது மணி நேரமும் அடுத்தவர்கள் ஓட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

இப்போது பழி யார்மேல் விழும்? அந்த நீள மூக்கின்மேல் விழுந்தது. புது உடல் வந்தது, தண்ணீர் கொதித்தது. ஆகவே உடல்தான் காரணம். புதிதாக வந்த மருமகள் காலடி வைத்தாள், மாடு செத்தது என்கிற தர்க்கம். ஆனால் உடலோடு கூட ரேடியேட்டர் மாறியிருக்கிறது, தொட்டி இடம் மாறியிருக்கிறது, குழாய் மாறியிருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு பாத்திரம் காணாமற் போனால், முகம் பிடிக்காதவனைத் திருடன் என்று சொல்லிவிடுவது சுலபம்.

நல்ல மெக்கானிக்குகள் இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பார்ப்பது தனி ரசம். நாடி பிடித்துப் பார்க்காமல் சூரணம் கொடுக்கிற வைத்தியர்கள் உண்டு. அதுபோல, காரைப் பார்த்தவுடனே எஞ்சினை இறக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கைதேர்ந்தவன் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டான். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பான். தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டருக்குள் வெடிக்கிற புகை தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம், காஸ்கெட் போயிருக்கிறது. எண்ணெய்க் கோலை உருவிப் பார்ப்பான். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்கு மேலே வருகிற ரப்பர்க் குழாயையும் கீழே போகிற குழாயையும் தொட்டுப் பார்ப்பான். மேலே கை வைக்க முடியாமல் சுட்டு, கீழே ஜில்லென்று இருந்தால், எஞ்சினில் சூடு அதிகம் என்பதல்ல கோளாறு. தண்ணீர் நகரவே இல்லை என்பதுதான் கோளாறு. இரண்டும் வேறு வேறு வியாதி. இரண்டுக்கும் வெளிக் குறி ஒன்றே.

ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக்கைக் கழற்றி அழுத்தம் அளப்பார்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால் உடனே பிஸ்டன் வளையத்தை மாற்று என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் துவாரத்தின் வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் அந்த இடுக்கை அடைத்துக்கொண்டது. ஏறாவிட்டால் வளையம் நிரபராதி. வால்வையோ காஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் காஸ்கெட் எரிந்திருக்கிறது என்று ஏறக்குறையச் சத்தியமே செய்யலாம். ஒரு கரண்டி எண்ணெய்ச் செலவில் ஒரு குற்றவாளி பிடிபடுகிறான். ஒரு நிரபராதி விடுதலை ஆகிறான். துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் இருநூறு பக்கத்தில் செய்கிற வேலை!

லெ மான் தோல்விக்குப் பிறகு அந்தத் துப்பறியும் வேலை நார்மன் டூயிஸிடம் வந்தது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலையில் நுழைந்தவர். யுத்தத்தில் விமானத்தில் பீரங்கி இயக்கியவர். நனீட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் லிண்ட்லி என்ற இடத்தில், யுத்த காலத்து விமான நிலையம் ஒன்றை மோட்டார்ப் பரிசோதனைக் களமாக மாற்றியிருந்தார்கள். தோற்றுப்போன அதே நீள மூக்குக் காரை அங்கே ஓட்டி ஆராய்ந்தார். முடிவு எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. உடல்மேல் சுமத்திய குற்றத்தில் பெரும்பகுதி பொய். தண்ணீர் பம்பைச் சுழற்றுகிற கப்பி மிகச் சிறியதாக இருந்தது. அதுதான் தலைமைக் குற்றவாளி. அந்த மெலிந்த குழாய் உடந்தை.

கப்பி சிறியதானால் பம்பு அதிக வேகமாகச் சுழலும். அதிக வேகமாகச் சுழன்றால் அதிகத் தண்ணீர் போகும் என்றுதானே நினைப்போம்? ஓர் அளவு வரைக்கும் அது சரி. அதற்கு மேல் பம்பின் இதழ்கள் தண்ணீரைக் கிழிக்கத் தொடங்கிவிடும். இதழுக்குப் பின்னால் அழுத்தம் விழுந்து, அந்த இடத்துத் தண்ணீர் ஆவிக் குமிழிகளாக மாறிவிடும். பிறகு பம்பு சுழல்வது தண்ணீரில் அல்ல, நுரையில். தயிர்ப் பானையில் மத்தை வெறிகொண்டு சுழற்றினால் வெண்ணெய் சீக்கிரம் வராது, நுரைதான் பொங்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எஞ்சின் எவ்வளவுக்கெவ்வளவு வேகமாக ஓடியதோ, அதாவது எவ்வளவுக்கெவ்வளவு குளிர்ந்த தண்ணீர் தேவைப்பட்டதோ, அவ்வளவுக்கவ்வளவு தண்ணீர் வருவது குறைந்தது. ரேடியேட்டரைப் பெரிதாக்கி என்ன பயன்? தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தால் அல்லவா அது குளிர வைக்கும்?

பெரிய கப்பி போட்டார்கள். ஏழு அரைக்கால் அங்குலக் குழாய்க்குப் பதிலாக ஒன்றேகால் அங்குலக் குழாய் வைத்தார்கள். கண்ணுக்கு அற்பமான வித்தியாசம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் போகும் வழி இரண்டு பங்காகிறது. கொதிப்பு நின்றது. ஒரு கப்பியும் சில அடிக் குழாயும்! இதை ஜூன் மாதத்துக்கு முன்னால் யாராவது கண்டுபிடித்திருந்தால்?

உடல் பூரணமாக விடுதலை பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மணிக்கு 120 மைலுக்கு மேல் போகும்போது அந்த நீண்ட வால் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. லெ மானின் நீண்ட நேர்ச்சாலையில் கார் திசை தப்பித் தடுமாறியது. அதுவும் பெரிய குற்றந்தான். ஆனால் வேறு குற்றம். செய்யாத குற்றத்துக்கு ஒருவனைத் தூக்கில் போட்டுவிட்டு, பிறகு அவன் வேறொரு குற்றம் செய்தது தெரிய வந்தால் தீர்ப்பு சரியாகிவிடாது.

இந்த நுரை வியாதிக்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 1894-ல் சார்லஸ் பார்ஸன்ஸ் என்ற எஞ்சினீயர் 'டர்பைனியா' என்ற சிறு கப்பலைக் கட்டினார். உலகத்திலேயே முதன்முதலாக நீராவி டர்பைன் பொருத்திய கப்பல். எவ்வளவு முயன்றும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. டர்பைன் புதிது, ஆகவே எல்லாரும் டர்பைனைத்தான் சந்தேகிப்பார்கள். பார்ஸன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? எஞ்சினுக்கும் கப்பல் விசிறிக்கும் நடுவே, தண்டு எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார். எஞ்சின் தன் சக்தியை ஒழுங்காகக் கொடுக்கிறது, விசிறிதான் அதை வீணாக்குகிறது என்று தெரிந்தது. மிக வேகமாகச் சுழன்ற விசிறி தண்ணீரில் குழி பறித்துக்கொண்டு வெற்று நுரையில் சுழன்றது. ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி என்று மாற்றினார். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தச் சின்னஞ்சிறு கப்பல் அழைப்பில்லாமல் புகுந்து, துரத்தி வந்த காவல் படகுகளுக்கெல்லாம் போக்குக் காட்டியது. கடற்படைக்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்து பார்க்க நாவலாசிரியன் வேண்டியதில்லை.

மறுபடி லெ மானுக்கே வருவோம். ஜாகுவார்கள் விழுந்த அதே பந்தயத்தில் இன்னொரு கோளாறும் நடந்தது. என்னைக் கேட்டால் கப்பியைவிட அதுதான் உள்ளத்தைப் பிடித்து உலுக்குவது.

பியேர் லெவெக் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். சொந்தப் பெயர் பியேர் பூயான். ஆரம்ப காலப் பந்தய வீரரான தம் உறவினர் வெல்க் என்பவர் தம் பெயர் எழுத்துக்களை மாற்றிப் போட்டு வைத்துக்கொண்ட புனைபெயரையே தாமும் வைத்துக்கொண்டவர். இந்தப் பழக்கம் எழுத்தாளர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும். 1952-ல் அவருக்கு நாற்பத்தாறு வயது. சொந்தக் கையிருப்பைச் செலவிட்டு ஒரு டால்போ காரைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். துணை டிரைவர் ரெனே மார்ஷான் என்பவர். முந்திய வருஷம் இருவரும் சேர்ந்து நாலாவதாக வந்தவர்கள்.

ராத்திரி முன்னணியில் இருந்த கோர்தினி என்ற சிறிய பிரெஞ்சுக் கார் பிரேக் கெட்டு விலகியது. லெவெக் முதலாவதாகிவிட்டார். பின்னால் இரண்டு மெர்ஸிடஸ்கள். பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் மார்ஷான் தலைக்கவசமும் கையுமாகத் தயாராக நிற்பார். லெவெக் ஆசனத்தை விட்டு இறங்கமாட்டார். மனைவி வேண்டினாள், நண்பர்கள் வேண்டினார்கள். பயனில்லை. பொழுது விடிந்தது, பகல் ஏறியது. ஒரே மனிதர் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். ஜெர்மானியர்களை நாலு சுற்றுப் பின்னால் தள்ளிவிட்டார். ஒரு சுற்று என்பது எட்டு மைலுக்கு மேல். பிரெஞ்சு ஜனங்களின் உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா? பந்தயம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரமே பாக்கி. அப்போது எஞ்சின் உடைந்தது.

ஆரவாரம் அப்படியே திரும்பி வசவாக மாறியது. களைப்பினால் கை தடுமாறிக் கியரைத் தப்பாகப் போட்டார், எஞ்சின் எல்லை மீறிச் சுழன்று உடைந்தது என்றார்கள். பேராசைக்காரர் என்றார்கள், புகழைப் பங்கிட மனமில்லாமல் துணைவனுக்கு இடம் கொடுக்கவில்லை என்றார்கள். பிரான்ஸ் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை ஜெர்மனிக்குத் தானம் செய்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. யுத்தம் முடிந்து ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. அந்தச் சொல் எவ்வளவு தைத்திருக்கும்!

லெவெக் சொன்னது வேறு. வெகு நேரத்துக்கு முன்பே, ராத்திரியிலேயே, எஞ்சினில் ஓர் அதிர்வு புகுந்துவிட்டது என்றார். வண்டியைத் தடவிக்கொடுத்து, அது தாங்கும் அளவறிந்து ஓட்டினால் முடிவு வரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அந்த அதிர்வோடு பழகாத வேறொரு கையில் கொடுத்தால் உடைந்துவிடும் என்று நினைத்தாராம். கிராங்க் ஷாஃப்டின் நடுப் பேரிங்கில் இருந்த ஒரு போல்ட்டு பல சுற்றுகளுக்கு முன்பே கழன்றிருந்தது என்பதுதான் பின்னால் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லும் காரணம்.

எந்தக் கட்சி சரி? கழன்ற போல்ட்டும் தப்பான கியரும் இரண்டும் ஒருங்கே நடந்திருக்கவும் கூடும். உடைந்து சிதறிய எஞ்சினில் முதலில் உடைந்தது எது என்று காண்பது, கூட்டுக் குடும்பத்துச் சண்டையில் முதல் வார்த்தையைச் சொன்னது யார் என்று காண்பது போலத்தான். ஆனால் உலோகம் மனிதர்களைப் போலப் பொய் சொல்லாது. நாள்பட அதிர்ந்து அதிர்ந்து முறிந்த எஃகின் முறிவில் ஒரு பகுதி வழவழவென்று, கடற்கரையில் அலை பின்வாங்கிய வரிகளைப் போல வளைவு வளைவான கோடுகளோடு இருக்கும். கடைசியில் தாங்க முடியாமல் அறுந்த பகுதி மட்டும் கரடுமுரடாக இருக்கும். ஒரே அடியில் முறிந்ததில் அந்த அலைக்கோடுகள் இரா. கற்றவர் கண்ணுக்கு அது எழுத்து.

நான் லெவெக்கின் கட்சி. அவர் நோயைச் சரியாகவே கண்டார் என்று நம்புகிறேன். ஆனால் கண்டதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பெட்ரோல் போட நின்ற ஒரு தடவையாவது மெக்கானிக்கைக் கூப்பிட்டு, 'இதைக் கேளப்பா' என்று சொல்லியிருந்தால்? நடுப் பேரிங்கின் போல்ட்டைச் சாலையோரத்தில் முடுக்க முடியாது. வைத்தியம் இல்லை என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் மார்ஷானிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் ஊரெல்லாம் ஏசியபோது சாட்சி சொல்ல ஒருவராவது இருந்திருப்பார். தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருபத்துமூன்று மணி நேரம் சும்மா நின்ற அந்த மார்ஷானை நினைத்தால் எனக்கு லெவெக்கைவிட அவர்மேல்தான் இரக்கம் வருகிறது.

மெர்ஸிடஸ் கார்கள் முதலாவதும் இரண்டாவதுமாக வந்தன. லாங், ரீஸ் என்ற இருவர் ஓட்டிய கார் 277 சுற்று, ஏறக்குறைய 3,734 கிலோமீட்டர் ஓடி வெற்றி பெற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெர்மானியர்கள் யாரும் பயந்தபடி பறக்கவில்லை. கணக்காக, வண்டி நோகாமல் ஓட்டினார்கள். அவர்களுடைய சராசரி மணிக்கு 97 மைலுக்கும் சற்றுக் குறைவு. முந்திய வருஷம் பழைய மூக்குடைய ஜாகுவார் ஓடியது 93 மைலுக்குச் சற்று மேல். பந்தயம் முடிந்து இரண்டு வாரத்தில் ரேம்ஸ் நகரத்தில் நடந்த போட்டியில், பழைய உடலுள்ள ஸி ரகக் காரையே மாஸ் ஓட்டி ஜெயித்தார். டிஸ்க் பிரேக் பொருத்திய கார் ஒன்று பந்தயத்தில் வெற்றி பெற்றது அதுதான் முதல் தடவை. அந்த எஞ்சினுக்கும் பழைய மூக்குக்கும் ஒரு குறையும் இல்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

1953-ல் ஜாகுவார் மறுபடி லெ மானுக்கு வந்தது. நீள மூக்கைத் தலைமுழுகியாயிற்று. உருவம் பழைய ஸி ரகந்தான். தகடு மெல்லியது, கார்புரேட்டர் புதிது, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். டிரைவர்களோ முந்திய வருஷம் தலைகுனிந்து நின்ற அதே ஆறு பேர், அதே மூன்று ஜோடி. லெ மான் சரித்திரத்தில் முதன்முதலாகச் சராசரி வேகம் 100 மைலைத் தாண்டியது, 105.85 மைல். ரோல்ட்டும் ஹாமில்டனும் முதலாவது, மாஸும் வாக்கரும் இரண்டாவது, வைட்ஹெட்டும் ஸ்டூவர்ட்டும் நாலாவது. மாஸ்தான் ஆரம்பத்தில் முன்னணியில் போனார். திடீரென்று எஞ்சின் விட்டு விட்டு இருமத் தொடங்கியது. எஞ்சின் இருமினால் முதலில் பிளக்கின்மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வண்டியை நிறுத்திப் பார்த்த பிறகே, பெட்ரோல் வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குள் முதலிடம் கைநழுவிவிட்டது.

லெவெக்கின் கதை இத்தோடு முடிந்திருக்கக் கூடாதா? 1952-ல் தன் காரைவிட்டு இறங்காமல் ஓட்டிய அந்த மனிதரை மெர்ஸிடஸ் கோஷ்டியின் தலைவர் ஆல்ஃப்ரெட் நொய்பவர் மறக்கவில்லை. 1955-ல் அவரைக் கூப்பிட்டுத் தம்முடைய 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்றைக் கொடுத்தார். லெவெக்குக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஜூன் 11-ஆம் தேதி மாலை, பந்தயம் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, முன்னால் போன மைக் ஹாதார்னின் ஜாகுவார் பெட்ரோல் போடுவதற்காக வேகத்தைக் குறைத்தது. அதற்குப் பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி ஒதுங்கி நடுவழிக்கு வந்தது. லெவெக்குக்கு இடமில்லை. அந்தக் கணத்திலும் கையை உயர்த்திப் பின்னால் வந்தவருக்கு எச்சரிக்கை செய்தார் என்று, பின்னால் வந்த ஃபாஞ்சியோ சொல்லியிருக்கிறார். ஆஸ்டின்-ஹீலியின் மேல் ஏறிய கார் பறந்து, வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தில் சிதறியது. எண்பதுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். லெவெக்கும் மாண்டார். சர்க்கார் விசாரணை டிரைவர்கள் யார்மீதும் குற்றம் காணவில்லை. அவ்வளவு வேகத்துக்கு ஏற்றதாக அந்தப் பாதை அமைந்திருக்கவில்லை என்றது.

பாதி ராத்திரிக்குப் பிறகு மெர்ஸிடஸ் மற்றக் கார்களை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜாகுவார் கடைசி வரை ஓடி ஜெயித்தது. அன்றைய பந்தயத்தில் ஜாகுவாரின் இன்னொரு காரை ஓட்டிய இருவரில் ஒருவர் நார்மன் டூயிஸ். அவருடைய துணைவர் வண்டியை ஒரு திருப்பத்தில் மணலில் இறக்கிவிட்டதால் அந்தக் கார் முடிவு வரை போகவில்லை. டூயிஸ் மறுபடி லிண்ட்லிக்குப் போய்த் தம் வேலையைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஜாகுவார்க் கார்களை ஓட்டி ஓட்டிக் கோளாறு கண்டுபிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 2019-ல் தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.